சில்லறை மருந்துக்கடை நடத்துவதிலும் அங்கே வேலை செய்வதிலும் அன்றாடம் வரும் சிக்கல்கள் என்னென்ன? எப்படிச் சமாளிப்பது?

மருந்துக்கடைச் சிக்கல் என்றதும் பலருக்கும் காலாவதிச் சரக்கும் கடன் பாக்கியும்தான் நினைவுக்கு வரும். அவை உண்டு. ஆனால் கவுண்டரில் நிற்பவரை நாள் முழுக்க அழுத்துவது வேறு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளிலிருந்து சரியான மருந்தை, சரியான அளவில், ஒவ்வொரு முறையும் பிசகாமல் எடுக்க வேண்டும். நடுவே போன் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள், சரக்கு வந்து இறங்கும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஞாபகத்தை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. தவறு நடக்க வழியில்லாதபடி கடையை அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. அகர வரிசையில் அடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். இந்த வகைக் குழப்பத்தால் மருந்தின் வணிகப் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘லோசெக்’ என்ற வயிற்று மருந்து, நீர் வெளியேற்றும் ‘லேசிக்ஸ்’ என்று படிக்கப்பட்டதால் 1990-இல் ‘ப்ரைலோசெக்’ ஆனது. மனச்சோர்வுக்கான ‘ப்ரின்டெல்லிக்ஸ்’, இரத்தம் உறையாமல் தடுக்கும் ‘ப்ரிலின்டா’வோடு குழம்பியதால் 2016-இல் ‘ட்ரின்டெல்லிக்ஸ்’ ஆனது. ஆகவே குழப்பம் வருவதை ஊழியரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் திட்டிவிட்டுப் போவது பயன் தராது. குழப்பம் தரும் ஜோடிகளை அகர வரிசை கெட்டாலும் பரவாயில்லை என்று வெவ்வேறு ரேக்குகளில் பிரித்து வையுங்கள். பழைய இடத்தில் ‘இது அந்த ரேக்கில்’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பெயரில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்து ரேக் விளிம்பில் ஒட்டுவதும் நன்றாக உதவும்.

பெயரைவிட அதிகம் ஏமாற்றுவது வீரியம். ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, ஒன்றில் 5 மி.கி., இன்னொன்றில் 50 மி.கி. எடுக்கும்போது ஒருமுறை, மருந்துச்சீட்டோடு ஒப்பிடும்போது ஒருமுறை, கையில் கொடுக்கும்போது ஒருமுறை என்று மூன்று தடவை பெயரையும் வீரியத்தையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்கோடு ஸ்கேன் இருந்தாலும் இதை விடக்கூடாது. கம்ப்யூட்டரில் தவறான மருந்தைப் பதிந்துவிட்டால், அதே தவறான பெட்டியை ஸ்கேனர் ‘சரி’ என்றுதான் சொல்லும்.

மருந்துச்சீட்டில் எண்களைப் படிப்பதிலும் கண்ணிகள் இருக்கின்றன. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். இன்சுலினுக்கு யூனிட் என்பதைச் சுருக்கி ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். போனில் மருந்து சொன்னால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். அதனால் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் எழுதிய மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். ஊகித்துக் கொடுக்கும் பழக்கம் ஒரு கடையில் ஒருமுறை வேர்விட்டால் பிடுங்குவது கடினம்.

தனியாகச் சொல்ல வேண்டிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண் வந்து, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போகலாம். இதனுடன் எழுதப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல நேரம் அதே போன்ற சின்ன மஞ்சள் மாத்திரைதான். கடையில் 2.5 மி.கி. மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.கி.யை எதிர்பாராமல் மாற்றிக் கொடுக்கும் ஆபத்து அதோடு தீரும். கொடுக்கும்போது ‘எந்தக் கிழமை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘தினமும்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். உறைமேல் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதாமல் கிழமையையும் எழுதுங்கள்.

இத்தனை எச்சரிக்கையையும் உடைப்பது குறுக்கீடு. ஒரு நோயாளியின் மருந்துகளுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டை முடிக்காமல் அடுத்த சீட்டைத் தொடக்கூடாது. மருந்து எடுப்பவர் போனை எடுக்கக்கூடாது, அதற்கு வேறொருவர். நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து அந்த மருந்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும். ‘எதுவரை பார்த்தேன்’ என்று நினைவுபடுத்தித் தொடரும் இடத்தில்தான் ஒரு மருந்து விடுபடுகிறது, அல்லது இருமுறை விழுகிறது. உதிரி மாத்திரைகளை ஐந்தைந்தாக எண்ணி, இன்னொரு முறை எண்ணிப் பார்த்த பிறகே உறையில் போட வேண்டும்.

குழந்தைகளுக்கான மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. இப்போது ரேக்கைப் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள டிராப்ஸ், எல்லாமே ஒரே பெயரில் இருக்கும். 150 மி.கி. என்பது முதலாவதில் 6.25 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., டிராப்ஸில் வெறும் 1.5 மி.லி. போன தடவை சிரப்பில் 6 மி.லி. கொடுத்துப் பழகிய வீட்டில் இந்தத் தடவை டிராப்ஸ் பாட்டில் போய்ச் சேர்ந்து, அதே 6 மி.லி.யைக் கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போகும். அதனால் மருந்தின் அளவை மி.லி.யில் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் பாட்டில், அதில் எத்தனை மி.கி., ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. மூன்றையும் உறையில் எழுதுங்கள். வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வாய்வழி சிரிஞ்சு கொடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று அந்தக் கோட்டிலேயே பேனாவால் குறித்துக் காட்டுங்கள். இந்த அரை நிமிடத்தைக் கூட்டம் இருக்கிறது என்று யாரும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

தூளாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பையும் கடையிலேயே கலந்து கொடுப்பது நல்லது. முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிரியாக்க வேண்டும். கொதித்து ஆறிய நீரைக் கோட்டுக்குக் கீழ் வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். ஒரே மூச்சில் கோடு வரை ஊற்றினால் தூள் அடியில் கட்டியாக நிற்கும். அது கரைந்ததும் மட்டம் இறங்கும். அப்படியே மூடிவிட்டால் மருந்து குறிப்பிட்ட அளவைவிடக் கெட்டியாகிவிடும். கலந்த தேதி, தூக்கிப் போட வேண்டிய தேதி இரண்டையும் பாட்டில் மேல் எழுதுங்கள். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் உள்ளதே கணக்கு. மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்க வேண்டாம் என்பதையும் வாயால் சொல்லுங்கள்.

‘இந்தக் கம்பெனி இல்லை, வேறு தரவா?’ என்பது நாள் முழுக்க நடக்கும் உரையாடல். மூலப்பொருளும் வீரியமும் ஒன்றாக இருந்தால் போதாது, வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண மெட்ஃபார்மினும் மெல்லக் கரையும் மெட்ஃபார்மினும் ஒன்றல்ல. வலிப்புக்கான ஃபெனிடாயின், தைராய்டுக்கான லெவோதைராக்ஸின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் இரத்தத்தில் சிறு ஏற்ற இறக்கமே பிரச்சினையாகும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கம்பெனி மாற்றக்கூடாது. இன்னொரு பொறி, சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் பாரசிட்டமால். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் ஒரே மருந்து போய், பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பான 4 கிராமைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவருக்கு, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போகக்கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். இதைக் கேட்க வேண்டியவர்கள் கூச்சப்பட்டு விலகிப்போகிறார்கள். நேராக, தாழ்ந்த குரலில், தனியாக நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

இனி சரக்கு. மறு ஆர்டர் அளவுக்குக் கணக்கு எளிது. ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வந்துசேர ஆகும் நாட்களால் பெருக்கி, அவசரக் கையிருப்பைக் கூட்ட வேண்டும். தினம் 12 அட்டை போகிறது, வர 3 நாள் ஆகும், அவசரத்துக்கு 24 அட்டை என்றால், இருப்பு 60-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும். ஆனால் எண் சரியாக இருக்கும்போதே சரக்கு தவறாக இருப்பதுதான் பெரிய தலைவலி. பில்லில் பழைய பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) போகும், கை முன்னால் இருக்கும் புதிய பேட்சை எடுத்துக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் பழைய பேட்ச் தீர்ந்துவிட்டது. ரேக்கின் பின்னால் அது அப்படியே காலாவதியாகிக்கொண்டு இருக்கும். கம்பெனி ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னாலும் யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் காலாவதியாவதை முன்னால் வைத்து, கையில் உள்ள பெட்டியின் பேட்சைப் பார்த்தே பில் போட வேண்டும்.

காலாவதி 06/2027 என்று மட்டும் இருந்தால் 2027 ஜூன் கடைசி நாள் வரை செல்லும். அதற்காக மே இறுதியில் 90 நாள் மாத்திரையைக் கொடுத்துவிடக்கூடாது. சாப்பிட்டு முடியும் நாளை வைத்துப் பார்க்க வேண்டும். ரேக்குகளை நான்கு பங்காக்கி வாரம் ஒரு பங்கு பார்த்தால், மாதம் ஒருமுறை கடை முழுதும் பார்த்ததாகும். மொத்த வியாபாரி எத்தனை மாதம் முன்பு வரை ரிட்டர்ன் எடுப்பார் என்பதைப் பேசி எழுதி வைத்து, அதற்கு முன்பே பிரித்தெடுங்கள். காலாவதியானவை பூட்டிய தனிப் பெட்டிக்குள் போக வேண்டும், கவுண்டருக்குக் கீழே அல்ல. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச், காலாவதி அச்சான முனையைக் கடைசி வரை கடையில் வைத்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வாங்குபவருக்கு அந்த விவரத்தை உறையில் எழுதிக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதியும் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, காலையும் மாலையும் குறித்து, ரீசெட் செய்யுங்கள். ரீசெட் செய்யாவிட்டால் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதுவீர்கள். கதவிலும் பின்சுவரை ஒட்டியும் இன்சுலின் வைக்கக்கூடாது: கதவில் சூடு ஏறும், பின்சுவரில் உறையும். உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் விற்கக்கூடாது. காலி இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்கள் வைத்தால் மின்சாரம் போனாலும் குளிர் கொஞ்சம் நிற்கும். மின்சாரம் போனால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, திறக்காமல் வையுங்கள். வெப்பம் 8-ஐத் தாண்டியிருந்தால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஒட்டித் தனியாக, குளிரிலேயே வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் கம்பெனியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மனிதர்கள் பக்கம் வந்தால், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்பதுதான் ஓயாத இழுபறி. ‘தர முடியாது’ என்று முடித்தால் சண்டை. எத்தனை நாளாக, மூச்சு வாங்குகிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேட்டு, இதற்கு என்ன செய்யலாம், எது நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். கடையில் ஒருவர் மறுத்து இன்னொருவர் கொடுத்தால் மட்டும் எதுவும் நிற்காது. முதலாளியே கொடுப்பவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

போதைப் பழக்கம் தரக்கூடிய மருந்துகள் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளின் பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் இருப்பை எண்ணி எழுத வேண்டும். பிழையை மை பூசி மறைக்காமல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது மட்டுமே எண்ணுகிற கடைகளில், ஒரு மாத்திரை குறைந்தால் எந்த நேரத்தில் குறைந்தது என்று சொல்லவே முடியாது.

ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போனால் பாதி காற்றோடு போகும். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மருத்துவரின் பதிலுக்குக் காத்திருக்கும் சீட்டுகள், பாதி கொடுத்துப் பாதி தர வேண்டியவை, நாளை வருகிறேன் என்றவருக்கு எடுத்து வைத்த மருந்து, ஃபிரிட்ஜ் வெப்பம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். வருபவர் அதைப் படித்து ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்ட பிறகே போகிறவர் கிளம்பலாம்.