ஒரே துப்பாக்கி போதுமா?

கேள்வி: அமெரிக்காவில், மோன்டானாவில் இருக்கும் என் அண்ணன் மகன் மானுக்கு ஒன்று, எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கு ஒன்று என இரண்டு ரைஃபிள் வேண்டும் என்கிறான். ஒன்று போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். அங்கே வேட்டைக்குப் போகும் என் மைத்துனர் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் இரண்டு தோட்டாக்களை நிறுத்திக் காட்டினார். இரண்டும் ஒரே ரைஃபிளில் போடும் 'தேர்ட்டி-ஆட்-சிக்ஸ்' ரகம். 0.30 அங்குலக் குழாய். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்ததால் அந்த 'சிக்ஸ்'. பித்தளைக் கூடு ஒன்றே, முனையிலுள்ள குண்டுதான் வேறு. மானுக்கு 150 கிரெயின் (குண்டை எடை போடும் அளவு), அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முந்நூறு கிலோ எல்க்குக்கு 180, பன்னிரண்டு கிராம் அளவு. கனமான குண்டு இன்னும் ஆழமாக இறங்கும்.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்: குண்டின் எடையை மாற்றினால் குறி பார்க்க ரைஃபிள் மேல் மாட்டிய தொலைநோக்கியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குறி விலகும். மைத்துனர் ஒரு வருடம் இதை மறந்து, வெறுங்கையோடு திரும்பினார்.

அப்புறம், சுடும்போது தோளில் விழும் உதைப்பு! பயிற்சித் திடலில் நான் சுட்டது ஐந்தே தடவை. மூன்று நாள் வலது தோளில் பை மாட்ட முடியவில்லை. பையன் ஒல்லி என்றால், மானுக்கு மட்டும் 0.243 அங்குலக் குண்டு போடும் சிறிய ரைஃபிள் போதும். ஆனால் எல்க்குக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.