பிரீகேஜி சேர்த்ததிலிருந்து ஓயாத சளி

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஜூனில் பிரீகேஜி சேர்த்தோம், அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது சளி, மூக்கடைப்பு, ராத்திரி இருமல். நாலாம் நாள் சளி மஞ்சளாகிவிடுகிறது. மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தால் மூன்று நாளில் சரியாகிறது, அடுத்த மாதம் திரும்பவும் வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைவா? தலைக்கு ஊற்றுவதையும் வாழைப்பழத்தையும் மாமியார் நிறுத்திவிட்டார். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறான், அதுதான் பயம்.
- வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த ஆன்டிபயாடிக்கை விட்டுவிடுங்கள். பாட்டிலில் மீதி இருந்தால் அடுத்த முறைக்கு என்று ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கவும் வேண்டாம். சளி பிடிப்பது வைரஸால், அதிலும் பெரும்பாலும் ரைனோவைரஸால். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் மேல் எந்த வேலையும் இல்லை. பிறகு எப்படி மூன்று நாளில் சரியாகிறது என்று கேட்பீர்கள். சாதாரண சளி இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தில் இருக்கும், அதற்குப் பிறகு தானாகவே இறங்கும். நீங்கள் மெடிக்கலுக்குப் போவது நாலாம் நாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், பெயர் சிரப்புக்குப் போய்விடுகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது வயிற்றுப்போக்கும், நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போகும் ஆபத்தும்தான். மஞ்சள் நிறத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், வைரஸோடு மோத வந்த வெள்ளை அணுக்களில் இருக்கும் நொதியின் நிறம் அது. பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது நன்றாகக் குறைந்து வந்த சளி காய்ச்சலோடு மறுபடி கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்ப்பு சக்தி குறைவு என்று நீங்கள் சொன்னவற்றை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சகஜம், புதிதாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடவே வரும், ஏனென்றால் ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள், ஒன்றுக்கு உடம்பு பழகினால் வகுப்பில் இன்னொன்று காத்திருக்கிறது. எடை ஏறாமல் இருப்பது, ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வருவது, காதில் அடிக்கடி சீழ் வருவது, இவை இருந்தால்தான் எதிர்ப்பு சக்தியைச் சோதிக்க வேண்டும். இருமலோடு விசில் மாதிரி சத்தம் கேட்டால் அது வீசிங்காக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

இருமல் சிரப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் சிரப் குடித்து, அதில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சால் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அதன் பிறகு மத்திய அரசும் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்பது அதற்கு முன்பே, 2023 டிசம்பரிலேயே வந்த உத்தரவு. லேபிளைத் திருப்பிப் படியுங்கள்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு மருந்து, வெறும் உப்புத் தண்ணீர்தான், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. காய்ச்சல் இருந்து குழந்தை சோர்ந்தால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ராத்திரி இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் மகளுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கைக்குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். மிளகு ரசம், துளசித் தண்ணீர், வெதுவெதுப்பான எதுவும் மகளின் தொண்டைக்கு இதம்தான், தாராளமாகக் கொடுங்கள்.

உங்கள் மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், தலைக்குக் குளிப்பதாலோ வாழைப்பழத்தாலோ தயிராலோ சளி பிடிப்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துவட்டிவிட்டால் போதும். அவர் அக்கறையில்தான் செய்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் குளித்த பிறகு போடும் சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் நிறுத்தச் சொல்லுங்கள், சளி பிடித்த மூச்சுக்குழாயை இன்னும் எரிச்சலூட்டுவது அந்தப் புகைதான். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும். ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு தாங்காது, அதனால் அதையும் செய்யாதீர்கள்.

தம்பிக்குத் தொற்றாமல் இருக்க, பள்ளி விட்டு வந்ததும் அக்காவின் கையை சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள், நீங்களும் அவள் மூக்கைத் துடைத்த கையோடு அவனைத் தூக்காதீர்கள். தும்மும்போது முழங்கை மடிப்பில் தும்மப் பழக்குங்கள், இந்த வயதில் விளையாட்டாகக் கற்றுக்கொள்வார்கள். சளி இருக்கும் நாட்களில் தம்பிக்கு முத்தம் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், உங்களுக்கே சளி என்றாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். ஃபுளூ தடுப்பூசி ஆறு மாதத்திலிருந்தே போடலாம், இரண்டு பேருக்கும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அது சாதாரண சளியைத் தடுக்காது, ஆனால் ஃபுளூ வந்தால் கடுமையாகாமல் காக்கும்.

அவனுக்குத் தொற்றிவிட்டால், தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். தம்பிக்கு 50, அக்காவுக்கு 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.