மனை வாங்கும் புத்தியைக் கல்லூரி தருமா? கேள்வி பதில்

ரியல் எஸ்டேட் முதலீட்டுக்குக் கல்லூரிப் படிப்பும் பேராசிரியர்களும் எந்த அளவுக்கு உதவுகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் பி.காம் முடித்துச் சட்டம் படித்தவள். செங்கல்பட்டு பக்கம் மனைகள் வாங்கி விற்கிறேன், வாடகைக்கு ஒரு கடையும் விட்டிருக்கிறேன். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, எந்த வகுப்பு உங்களை இந்தப் பக்கம் திருப்பியது?

சொத்துரிமை மாற்றுச் சட்ட வகுப்பு. 1882-இல் வந்த சட்டம், பிரிவு பிரிவாக ஒப்பித்தால் தூக்கம்தான் வரும். எங்கள் மேடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. பெயர்களை அடித்துவிட்டு, ஒரு கிரையப் பத்திரத்தின் ஜெராக்ஸையும் கூடவே சில தாள்களையும் கொடுத்து, "இந்த மனையை வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் சர்வே எண், நான்கு எல்லை, வில்லங்கச் சான்று (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எல்லாம் ஒத்துப்பார்த்து, வாங்கலாம் என்றோம். விற்றவர் பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து அவர் சார்பில் விற்பவர். பவர் கொடுத்தவரின் இறப்புச் சான்று கடைசித் தாளாக இருந்தது, அதில் இருந்த தேதி கிரையத் தேதிக்கு முந்தையது! கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அதோடு முடிந்துவிடும், அதன் பிறகு அதை வைத்து எழுதிய கிரையம் நிற்காது. அன்றிலிருந்து பவர் மூலம் விற்கிறார்கள் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வி. பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு இடம் என்னுடையது என்று இருப்பவர்களும் உண்டு, அது உரிமை மாற்றமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

நான் சிவில் படிக்கிறேன், எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் இல்லையே?

உங்களுக்கு சர்வே இருக்கிறதே தம்பி. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. சர்வே லேபை மார்க்குக்காக மட்டும் முடிக்காமல், உங்கள் ஊரில் ஒரு இடத்தின் எஃப்.எம்.பி. வரைபடத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) இணையத்தில் எடுத்து, நேரில் போய் அளந்து பாருங்கள். பத்திரத்தில் இருக்கும் பரப்பும் தரையில் இருக்கும் பரப்பும் ஒத்துப்போகாத இடங்கள் எவ்வளவு என்று அப்போது புரியும்.

எங்கள் ஃபைனான்ஸ் சார் வீடு வாங்குவது நஷ்டம் என்கிறார், வீட்டில் வாங்கு வாங்கு என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80 லட்சத்துக்கு ஃப்ளாட், மாத வாடகை 20,000 என்றால் வருடத்துக்கு 2.4 லட்சம், அதாவது 3 சதவீதம். கடன் வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை விலையேற்றம்தான் ஈடுகட்ட வேண்டும், அதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. வாங்கும்போதே முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் வரை போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருக்க வாங்குவது வேறு, அங்கே வீட்டார் சொல்வதில் நியாயம் உண்டு. முதலீடு என்று பார்த்தால் சாருடைய கணக்குதான் சரி.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒரு லேஅவுட்டில் (மனைப் பிரிவில்) மனை வாங்கச் சொல்லி மாணவர்களின் பெற்றோரிடம் பேசுகிறார். நம்பலாமா?

எனக்கு இது பிடிக்கவே இல்லை. மார்க் போடுகிறவரிடம் எந்த அப்பா முகத்துக்கு நேரே மறுப்பார்? மரியாதையாகவே மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பகுதி) கொடுத்த அனுமதி எண்ணும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணும் கேளுங்கள். "பழைய மனை, ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால், அதாவது அனுமதி இல்லாத மனையை அரசிடம் வரன்முறைப்படுத்தலாம் என்றால், அது 20.10.2016-க்குள் பதிவான மனைகளுக்குத்தான், அதற்கான பத்திரத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

எம்பிஏ ரியல் எஸ்டேட் படித்தால்தான் முடியுமா?

அந்தத் துறையில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் படிக்கலாம். சொந்தமாக இடம் வாங்க அது தேவையில்லை.

ஹாஸ்டலில் இருக்கிறேன், கையில் பெரிய பணம் இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

ரெய்ட் (REIT) பாருங்கள். பலரிடம் பணம் திரட்டி அலுவலகக் கட்டடம், மால் போன்றவற்றை வைத்து, வரும் வாடகையைப் பங்கிடும் அமைப்பு அது, அதன் யூனிட்டைப் பங்குச் சந்தையில் பங்குபோல வாங்கலாம். இந்தியாவில் முதல் ரெய்ட் 2019-இல் பட்டியலானது. 2021-இலிருந்து ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய் போதும். செலவு போகப் பங்கிடக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ரெய்ட் பங்கிட்டாக வேண்டும் என்பது விதி. ஒரு ரெய்ட்டின் காலாண்டு அறிக்கையை எடுத்துக்கொண்டு உங்கள் அக்கவுண்ட்ஸ் சாரிடம் போய் உட்காருங்கள், எத்தனை சதவீத இடம் காலியாகக் கிடக்கிறது, குத்தகை எப்போது முடிகிறது என்று கேளுங்கள். லீவில் ஊருக்குப் போனால் தாத்தா நிலத்தின் வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்து, தாய்ப்பத்திரத்தோடு (அந்த இடத்தின் பழைய மூலப் பத்திரம்) ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.