அழற ஷாட்ட எங்க வைக்கிறது? எடிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நாங்க விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஃபைனல் இயர், அஞ்சு பேர் டீம். சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் பிளாட்பாரத்துல தலைமுறையா இருக்கிற ஒரு குடும்பத்த வச்சு டாக்குமெண்டரி பண்றோம். ஃபுட்டேஜ் ஒன்பது மணி நேரம் இருக்கு, படம் 15 நிமிஷத்துக்குள்ள முடியணும். பூ கட்டி விக்கிற அக்கா இன்டர்வியூல ஒரு இடத்துல உடைஞ்சு அழுதுட்டாங்க, அதத்தான் ஓப்பனிங்ல வைக்கணும், பின்னாடி வயலின் போட்டா போதும்னு டீம்ல மூணு பேர் நிக்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா அத விட்டா படத்துல வேற என்ன இருக்குன்னும் புரியல.
(எடிட்டிங் தலையில விழுந்தவன், சென்னை)

பதில்: தம்பி, அழுகைய முதல்ல வச்சீங்கன்னா மிச்சப் படம் முழுக்க அந்த அக்கா "அழுதாங்களே அந்தம்மா"தான். அவங்க பூ விலை பேசுறது, பொண்ணு படிப்பு பத்தி பெருமையா சொல்றது, எதிர்க்கடைக்காரர கலாய்க்கிறது எல்லாமே ஐயோ பாவம் கணக்குல போயிடும்.

முதல்ல எடிட்டிங் டைம்லைன மூடி வச்சிட்டு இன்டர்வியூ முழுக்க டைப் பண்ணி, எந்த வரி எத்தனாவது நிமிஷம் செகண்ட்ல வருதுன்னு டைம்கோடு போட்டு, பிரிண்ட் எடுத்து உக்காந்து படிங்க. போரடிக்கும்தான், ஆனா ஒன்பது மணி நேரத்த ஸ்க்ரால் பண்ணிட்டே படத்த கண்டுபிடிச்சவங்க யாரும் கிடையாது. படிக்கும்போது அழுகைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், பின்னாடி ரெண்டு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பெரும்பாலும் பின்னாடிதான் சரக்கு இருக்கும், மூக்க சிந்தி முந்தானைல துடைச்சிட்டு "சரி வுடு, பூ வாடிடும்"னு நூல கையில எடுக்கிறாங்க பாருங்க, அந்த பத்து செகண்ட். ஸ்டூடண்ட் படத்துல எடிட்டர் மொதல்ல வெட்டித் தூக்கிப் போடறதும் அதுதான், ஏன்னா வயலின் அங்க செட் ஆகாது. ரெண்டையும் சேர்த்தே வைங்க, படத்தோட மூணாவது பாகத்துல, அதுக்குள்ள ஆடியன்ஸுக்கு அவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கும்.

ஓப்பனிங்ல அவங்க காலைல செய்யற வேலைய காட்டுங்க. கடை ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி பாயச் சுருட்டி, துணிமணிய மூட்டையா கட்டி, எங்கயோ மாட்டி வச்சிட்டு, படுத்த இடத்த பெருக்கி விடற அந்த மொத்த சமாச்சாரமும் ஒரே ஷாட்டா எடுத்திருந்தீங்கன்னா கை வைக்காதீங்க, ஒன்றரை நிமிஷம் ஓடினாலும் ஓடட்டும். தினமும் வீட்டக் காலி பண்றதுன்னா என்னன்னு எந்த வாய்ஸ் ஓவரும் அப்படி சொல்லாது.

இன்னொண்ணு, படம் பாக்கறவன் மனசுல ஒரு கேள்வி ஓடிட்டே இருக்கும்: "வீடில்லாதவங்களுக்கு கவர்மெண்ட் காப்பகம் கட்டி வச்சிருக்கே, அங்க போக வேண்டியதுதானே?" லட்சம் பேருக்கு ஒரு காப்பகம்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி, அப்புறம் 2013ல அதுக்குன்னு ஸ்கீமும் வந்து, சென்னை மாநகராட்சியும் நடத்திட்டுதான் இருக்கு. ஆனா நிறைய காப்பகம் ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம்னா குடும்பம் எப்படி போகும்? சரி வீடே தர்றோம்னு பெரும்பாக்கம் மாதிரி இடத்துக்கு அனுப்பினா பாரிஸ்ல இருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர், விடிகாலைல பூ வாங்க வரணும்னா என்ன பண்ணுவாங்க. இதப்பத்தி அக்கா எங்கயாவது பேசியிருப்பாங்க, தேடி எடுங்க, அழுகைய விட அதுக்கு வெயிட் ஜாஸ்தி. பேசலன்னா போய் கேளுங்க. வேற கேள்விக்கு சொன்ன பதில கொண்டாந்து இங்க ஒட்டற வேலை மட்டும் வேணாம், அவங்க படம் பாக்கும்போது கண்டுபிடிச்சிடுவாங்க. இனிமே கட் மாத்த மாட்டோம்னு ஃபைனல் லாக் பண்றதுக்கு முன்னாடி லேப்டாப்ப தூக்கிட்டுப் போய் அவங்களுக்கு போட்டுக் காட்டணும், புரியுதா? ஒரு இடத்த எடுக்கச் சொன்னா பேச்சு கிடையாது, எடுத்துடணும்.

கேள்வி: அவங்க பசங்க ரெண்டு பேர் நிறைய ஷாட்ல வர்றாங்க. அம்மா ஓகே சொல்லிட்டாங்க, அப்பவும் ப்ளர் பண்ணணுமா?

பதில்: பண்ணணும். 2015 சிறார் நீதிச் சட்டத்துல தெருவுல வாழற குழந்தையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தைங்க கணக்குல வருது, 74வது பிரிவுப்படி அந்தக் குழந்தைய அடையாளம் காட்டற எதையும் மீடியால போடக்கூடாது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் ஃபைன், இல்லனா ரெண்டும் சேர்த்தே. அம்மா சம்மதம் இதுக்கு பத்தாது.

நிறைய பேர் முகத்த மட்டும் மறைச்சிட்டு யூனிஃபார்ம் பேட்ஜ்ல ஸ்கூல் பேர விட்டுடறாங்க, இல்லனா ஆடியோல அம்மா புள்ளைய பேர் சொல்லி கூப்பிடறது அப்படியே கேக்குது. டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீ வெர்ஷன்லயே முகத்து மேல விண்டோ (ஒரு வட்டம்) போட்டு, முகம் நகர நகர அதுவும் கூடவே போற மாதிரி ட்ராக் பண்ணலாம், ஆனா பையன் தலைய திருப்பினதும் ட்ராக் நழுவும், ஃப்ரேம் ஃப்ரேமா நகத்திப் பாருங்க, ஒரு ஃப்ரேம் தப்பிச்சாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுவாங்க. என்னைக் கேட்டா முகம் முழுக்க கட்டம் கட்டமா வர்ற படம் ஏதோ க்ரைம் நியூஸ் மாதிரி ஆயிடும், அதனால முடிஞ்ச வரைக்கும் முதுகு, கை, ஹோம்வொர்க் நோட்டுனு அந்த ஷாட்டா பொறுக்குங்க.

கேள்வி: இந்தியால வீடில்லாதவங்க 17.7 லட்சம்னு படத்தோட கடைசில எழுத்துல ஒரு கார்டு போடலாமா?

பதில்: போடலாம், அது 2011 சென்சஸ் நம்பர்னு அதே கார்டுல வருஷத்தோட போடணும். பிப்ரவரி 28 ராத்திரி ஒரே ராத்திரில எண்ணினது அது, அந்த நேரத்துல கண்ணுல படாம ஒதுங்கிப் படுத்தவங்க எத்தனை பேர்னு யாருக்குத் தெரியும். கடைசில வேணாம், காப்பகம் பத்தின பேச்சு வர்ற இடத்துல போடுங்க, அங்கதான் அதுக்கு வேலை.

கேள்வி: ரூம் டோன் (யாரும் பேசாதப்ப அந்த இடத்துல கேக்கற சத்தம்) எடுக்காம விட்டுட்டோம், கட் பண்ற இடமெல்லாம் சவுண்டு குதிக்குது.

பதில்: கேள்வி முடிஞ்சு பதில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற கேப்லாம் எடுத்து ஒட்டிப் பாருங்க. பத்தலன்னா இன்டர்வியூ எடுத்த அதே நேரத்துக்கு அதே மைக்கோட போங்க, ரெண்டு நிமிஷம் யாரும் பேசாம ரெக்கார்ட் பண்ணுங்க. ராத்திரி அமைதியா இருக்கும்னு ராத்திரி போயிடாதீங்க, பகல் டிராஃபிக்குக்கு அது ஒட்டாது.