மகள் மனநலத் தாதியாக வேண்டும் என்கிறாள், விடலாமா?

சுங்கை சிப்புட்டில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றாலே கேலிப்பேச்சுதான். அங்கே 1911 முதல் இயங்கிவரும் உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனைக்கா பெண்பிள்ளையை அனுப்புவது என்று தயங்குகிறீர்கள், அம்மா. அந்த முடிவை இன்றே எடுக்க வேண்டியதில்லை. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவுடன் நேராக மனநலத் தாதியாக்கும் படிப்பு மலேசியாவில் கிடையாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் விலகி விடுங்கள். முதலில் 3 ஆண்டு தாதிமை டிப்ளோமா, பிறகு மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வும் பதிவும். சில ஆண்டு வேலை பார்த்த பின்னரே மனநலத்தில் 'போஸ் பேசிக்', அதாவது தாதியான பிறகு படிக்கும் சிறப்புப் பயிற்சி.

மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் ('சி' அல்லது அதற்கு மேல்), ஆங்கிலத்தில் தேர்ச்சி என்பது வழக்கமான நிபந்தனை. கணிதத்தில் 'டி' வந்தால் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் ஆகாது. தனியார் கல்லூரி என்றால் வாரியத்தின் அங்கீகாரமும் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) தரச்சான்றும் இருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். மருத்துவமனை செலவை ஏற்றால் ஒப்பந்தம் இருக்கும். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்ற பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பொது வார்டில் கழியும் காலம் வீண் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மனநலத் தாதிக்கு வேண்டிய கண் அங்கேதான் பழகுகிறது. கால் முறிந்து படுத்திருப்பவர் மூன்றாம் நாள் இரவு வியர்த்து நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். வீட்டார் பேய் என்பார்கள். தினமும் குடித்த சம்சு என்ற மலிவுச் சாராயத்தைத் திடீரென நிறுத்தியதால் வருவது அது. நடுக்கம் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், கடும் குழப்பம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். "கடைசியாக எப்போது குடிச்சீங்க, ஐயா?" என்று சேர்க்கும் அன்றே தமிழில் கேட்கத் தெரிந்த தாதி இருந்தால், டாக்டர் முன்கூட்டியே மருந்து தொடங்குவார்.

மனநல வார்டிலும் உடம்பைப் பார்க்கத் தெரியவேண்டும். குளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி என்றால் பனடோல் கொடுத்து அனுப்பக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம், அன்றே ரத்தம் எடுக்கவேண்டும். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நீர் வற்றி மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும். மாத்திரையைக் கையில் கொடுத்தால் போதாது, விழுங்கினாரா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வதும் வேலைதான்.

அடித்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்கும் பயிற்சி உண்டு: கதவுப் பக்கம் நிற்பது, கழுத்தில் சங்கிலி போடாதது, குரலைத் தாழ்த்திப் பேசுவது, தனியாக யாரையும் பிடிக்காமல் ஆள் கூப்பிடுவது. ஷிப்ட் வேலை என்பதால் இரவு 9 மணிக்குப் போய்க் காலை 7 மணிக்கு இறங்கும் நாட்களும் வரும். பஸ்ஸை நம்பமுடியாது, விடுதியோ மோட்டார் லைசன்ஸோ இப்போதே யோசித்து வையுங்கள்.