'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

இன்று ஒருவரை நைஸ் என்றால் மகிழ்வார். 1300 வாக்கில் இங்கிலாந்தில் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அப்போது அதற்கு 'முட்டாள்' என்று பொருள். வேர், லத்தீனின் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவர். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். வேடிக்கை என்னவென்றால், சயின்ஸும் அதே ஸ்கிரேயிலிருந்து பிறந்ததுதான்!

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, கூச்சம், மென்மை, அளவுக்கு மீறிய நுணுக்கம் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்று ஆனது. நுணுக்கம் என்ற பொருள் இன்னும் சாகவில்லை: 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நல்ல வேறுபாடு அல்ல, மிக நுண்ணிய வேறுபாடு. நாம் மாவை நைஸாக அரைப்பதும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். ஆனால் 'நைஸா நழுவிட்டான்' என்பது நம் சொந்தச் சரக்கு. ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார்.