கோயிலுக்கு வெப்சைட் செய்கிற பிள்ளை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருவையாற்றுப் பக்கம் கிராமம், கணவருக்குக் குத்தகை நிலம், உங்களுக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை, மகன் பி.சி.ஏ. கடைசி ஆண்டு. உள்ளூர்ச் சிவன் கோயிலுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான், பைசா வாங்கவில்லை. அடுத்து பக்கத்து ஊர் தர்காவில் கந்தூரிக்கு ஒன்று, மாதா கோயில் திருவிழாவுக்கு ஒன்று. அவற்றுக்கும் பைசா இல்லை. கேட்டால், "இது என் தொண்டு. இதையே தொழிலாகவும் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்கிறானாம். "தொண்டே தொழிலானால் அடுப்பு எதில் எரியும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நல்ல வேலை. தம்பிக்குக் கை இருக்கிறது. அவன் காசு வாங்காமல் செய்வதில் எனக்கு வருத்தமே இல்லை. எதுவரை காசு வாங்காமல் செய்வான் என்பதை யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளாமல் செய்கிறானே, அங்கேதான் உதைக்கிறது.

போன வாரம் வேறு ஒரு காரியமாகத் திருவையாறு வந்திருந்தேன். பஸ் நிலையத்தில் நின்றபடி, நீங்கள் அனுப்பிய முகவரியை என் மனைவியின் பழைய போனில் திறந்து பார்த்தேன். என் போனில் பார்த்திருக்கலாம். ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது அந்தப் பழைய போன்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கோபுரப் படம் மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்கியது. கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறான், ஏழு எம்பிக்குக் குறையாது. படம் முடிந்ததும் யாரும் கேட்காமலே மணி அடிக்கத் தொடங்கியது. திரை முழுக்கப் பூ தூவியது. பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பாட்டி, "எந்தக் கோயிலில் மணி அடிக்கிறது தம்பி?" என்றார். சொன்னேன். "அப்படியா, அங்கே சாயங்காலம் நடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?" என்றார். தேடினேன். கீழே, கீழே, இன்னும் கீழே, சந்தன நிறப் பின்னணியில் வெளிர் மஞ்சள் எழுத்தில் இருந்தது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கையால் நிழல் கட்டி நான் படித்து முடிப்பதற்குள் பாட்டியின் பஸ் வந்துவிட்டது.

தம்பியிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. அந்தப் பக்கத்தை அவன் சுவாமிக்காகச் செய்திருக்கிறான். சுவாமிக்கு நடை திறக்கும் நேரம் தெரியும். தெரியாதவர் அந்தப் பாட்டி. பூவும் மணியும் வைப்பதைத் தம்பி பக்தி என்று நினைக்கிறான். நேரத்தை முதல் வரியில், கொட்டை எழுத்தில், கறுப்பு நிறத்தில் வைத்திருந்தால் அதைத்தான் நான் பக்தி என்பேன்.

இதில் அவன் கற்க வேண்டிய பாடம் ஒன்று நம் டெல்டாவிலேயே நடந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று ஊருக்கு எழுதி, ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து ஈய எழுத்துகளை வரவழைத்தார். வந்தவை அளவில் மிகப் பெரியவை. அந்த எழுத்தில் வேதாகமம் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். விசுவாசம் எவ்வளவு இருந்தாலும் காகிதக் கணக்குப் பார்க்காமல் அவர்களால் ஒரு பக்கம் நகர முடியவில்லை. இன்று காகிதத்தின் இடத்தில் டேட்டா. அந்த ஏழு எம்பி படத்துக்குக் காசு கட்டுவது படிக்கிறவர்.

சம்பளத்துக்கு வருகிறேன். சாமி காரியத்துக்குக் கூலி வாங்கினால் பாவம் என்று தம்பி நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனை ஒரு நாள் சுவாமிமலைக்கு அனுப்புங்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவர், விக்கிரகத்துக்கு அளவெடுக்கத் தென்னை ஓலையை நீளமாக நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார். முகம் ஒரு பங்கு, அதிலிருந்து மற்றதெல்லாம். ஒடியோலை என்று பெயர். மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்ப்பார். தியான சுலோகம் சொல்லாமல் வேலையில் உட்கார மாட்டார். முன்பணம் வாங்காமலும் உட்கார மாட்டார்! இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்து நான் பார்த்ததில்லை.

தம்பி கையில் வைத்திருக்கும் கருவியின் கதையும் இதேதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் உலகளாவிய வலை என்ற யோசனையை எழுதிக் கொடுத்தது செர்ன் என்ற அணு ஆய்வகத்தில். 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வகம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அதைப் பொதுவில் விட்டுவிட்டது. பெரிய தானம்தான். ஆனால் அவர் அங்கே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்பதையும் தம்பி கவனிக்கட்டும். அடுப்பு எரிந்த வீட்டிலிருந்து வந்த தானம் அது.

நான் ஆலோசகனாவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருடம் இதே வேலையைச் செய்தவன். தம்பி செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் ஓர் அறக்கட்டளைக்கு இலவசமாக ஒரு தளம் கட்டிக் கொடுத்தேன். அப்போது ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. "எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஓரத்தில் எழுதி வைப்போம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு அன்றே இருந்தது. ஆனால் எனக்குப் பழகிய பழைய எழுத்துருதான் அழகு என்று பிடிவாதம். நாலைந்து வருடத்தில் அந்த எழுத்துரு யாருடைய கணினியிலும் இல்லை. அவர்கள் ஊரின் தல வரலாறு முழுக்கக் கேள்விக்குறியும் கிறுக்கலுமாக நின்றது. மாற்றித் தரும்படி கேட்டார்கள். அப்போது எனக்குக் கைக்குழந்தை, கடன், நேரமில்லை. தருகிறேன், தருகிறேன் என்று இழுத்தேன். அதற்குள் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, காலாவதியாகிவிட்டது. அதை என் பெயரில் பதிந்திருந்தேன், நினைவூட்டு மின்னஞ்சல்கள் நான் திறப்பதையே விட்டுவிட்ட முகவரிக்குப் போயின. யாரோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். அறங்காவலர் ஒருவர் போன் செய்து, "ஐயா, காசு வாங்கிக்கொண்டே செய்திருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டொமைன் என்றால் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அது குத்தகை, கிரயம் இல்லை. வருடா வருடம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வேறொருவர் உழுவார். குத்தகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கோயிலுடையது கோயில் பெயரில், தர்காவுடையது தர்கா நிர்வாகத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு அவர்களுடைய பீரோவில் இருக்கட்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக ஆகிற அந்தத் தொகையையும் அவர்களே கட்டட்டும். தம்பி தருவது உழைப்பு மட்டும், அதையும் இன்ன தேதி வரை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அதன் பிறகு படம் மாற்ற, திருவிழாத் தேதி மாற்ற, வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. கூச்சப்படுவான். நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் சம்பளம் பேசித்தான் திருவிழா நடக்கிறது.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். சிவன் கோயில் பக்கத்தில் நன்கொடைக்கென்று ஒரு க்யூஆர் குறியீடு வைத்திருக்கிறான். அது அவனுடைய சொந்த வங்கிக் கணக்கு. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பான், வந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துமிருப்பான். இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். கோயில் காசு கோயில் கணக்குக்கு, ரசீதோடு போக வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். அப்பர் கையில் இருப்பது உழவாரம், பிராகாரத்தில் புல் செதுக்குகிற கருவி. கோபுரம் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும், புல் செதுக்கியவர்களின் பெயர் இருக்காது. வெப்சைட்டிலும் புல் முளைக்கும்: போன வருடத் திருவிழா அழைப்பிதழ், மாறிப்போன போன் எண், திறக்காத இணைப்பு. ஒரு நாளில் ஒரு தளத்தைக் கட்டிவிட இன்று யாராலும் முடியும். சொல்லப்போனால் செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே கட்டிக் கொடுத்துவிடுகிறது. "அப்படியானால் இந்த வேலை இருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டுகிற வேலை மெலியும், மறைக்கப் போவதில்லை. பார்த்துக்கொள்கிற வேலை இருக்கும். எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்கிற வேலையும் இருக்கும், பாட்டியிடம் கேட்டால்தானே அது தெரியும்.

தமிழ் தெரிந்த வடிவமைப்பாளருக்கு ஒரு கூடுதல் வாசல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்பில் தமிழைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதைத் தம்பி தினமும் பார்க்கிறான். "சப்மிட்" இருந்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" அடங்காது. தலைப்பைக் கேப்பிடல் எழுத்தாக மாற்றும் வித்தை நமக்குக் கிடையாது, நம் எழுத்தில் கேப்பிடல், ஸ்மால் என்ற பிரிவு இல்லை. சில மென்பொருள்களில் கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகித் தனியாக நிற்கும், ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனரில் பார்த்திருப்பீர்கள். மேல்சுழியும் கீழ்வளைவும் இடிக்காமல் இருக்க வரிக்கு வரி இடைவெளி கூட்ட வேண்டும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்தத் தெரிந்தவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தஞ்சாவூரிலேயே 2024இல் டைடல் நியோ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய வாசல் அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தைச் செய்வது. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்விடிஏ என்ற ஒன்று இலவசம், தமிழும் படிக்கும். தம்பியின் தளத்தை அதில் ஓட விட்டால் கோபுரப் படம் வரும்போது அது என்ன படம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. படத்துக்கு ஒரு வரி விளக்கம் அவன் எழுதவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று உலக அளவிலான விதிமுறை சொல்கிறது, அதன் 2.2ஆம் பதிப்பு 2023இல் வந்தது. இங்கே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எண்ணியல் சேவைகளை அணுகும் உரிமையை வாழ்வுரிமையின் பகுதியாகவே சொல்லிவிட்டது. வங்கிகளும் அரசுத் துறைகளும் இதற்கு ஆள் தேடியாக வேண்டும். தொண்டு செய்ய ஆசைப்படுகிற பிள்ளைக்கு, சம்பளத்தோடு செய்யக்கூடிய தொண்டு இதைவிட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

படிப்பு விஷயம். சென்னையில் ஒன்றரை லட்சம் கட்டிச் சேரச் சொல்லும் நீங்கள் துண்டறிக்கை அனுப்பிய அந்த ஆறு மாத வகுப்பு வேண்டாம். "வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம்" என்ற வரியைப் படித்ததுமே துண்டறிக்கையை மடித்து வைத்துவிட்டேன். நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வெப்சைட் கட்டுகிற எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மொழிகளை எல்லாம் இலவசமாகவே கற்கலாம், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் உண்டு, கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் என்ன கிடைக்கிறது என்று அவன் கேட்கட்டும். டிகிரி முடிகிற நிலையில் இருப்பதால் முதுகலை வடிவமைப்புக்கு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை எழுதலாம். மும்பை ஐஐடி நடத்துகிறது, எந்தப் பாடம் படித்தவரும் எழுதலாம். வரைந்து பழக வேண்டும், ஒரு வருடம் பிடிக்கும். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகளுக்கும் படம் போடுவதில் ஆர்வம் என்று எழுதியிருந்தீர்களே, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டும் என்று அவன் அப்பா சொல்வதையும் நான் தள்ளவில்லை. இரண்டையும் ஒரு வருடம் ஓட்டலாம். அதற்குள் காசு கொடுக்கிற மூன்று வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்களா என்று பார்ப்போம், ரைஸ் மில்லோ லாட்ஜோ பட்டுக் கடையோ. கிடைக்காவிட்டால் நானே அவனிடம் வேறு பேச்சுப் பேசுகிறேன்.

அறுவடை முடிந்து கொஞ்சம் ஓய்ந்ததும் இருவரும் தஞ்சாவூருக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை வசதிப்படும். தம்பி லேப்டாப் கொண்டுவர வேண்டாம். உங்கள் போனை மட்டும் எடுத்து வாருங்கள். நீங்கள் அதில் அவனுடைய மூன்று தளங்களையும் திறந்து பார்க்கும்போது, அவன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.